சாற்றைக் குடித்துச் சக்கையை எறிகிறோம்

கோலாலம்பூர் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் விழித்திருக்கும் இடங்களுள் செலாயாங் மொத்தச் சந்தையும் ஒன்று. 'பாசார் போரோங்' என்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் தெரியாதவர் குறைவு. கேமரன் மலையிலிருந்து கீரையும் முட்டைக்கோசும், ஜொகூரிலிருந்து அன்னாசியும், பேராக் தம்புனிலிருந்து பம்ப்ளிமாஸும் லோரிகளில் வந்து இறங்குகின்றன. விடிவதற்குள் அவை சிறு கடைகளுக்கும் இரவுச் சந்தைகளுக்கும் பிரிந்து போய்விடுகின்றன. சந்தையைச் சுற்றிப் பத்துமலை, கெப்போங், செந்தூல், சற்றுத் தள்ளி ரவாங் என்று நம்மவர்கள் நிறைந்து வாழும் பகுதிகள். பழங்கள் நம் வாசலிலேயே வந்து குவிகின்றன என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை வேறு கதை சொல்கிறது. சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 94.9 விழுக்காட்டினர் போதுமான அளவு பழமும் காய்கறியும் உண்பதில்லை. நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய ஐந்து பேர்தான் தேறுவார்கள்! அதே ஆய்வில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் இது 15.6 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்திருப்பது ஆறுதல்தான். ஆனாலும் ஆறு பேரில் ஒருவர் என்பது சிறிய கணக்கல்ல. அதிலும் இந்தியர்களிடையே இந்நோய் அதிகம் என்பதை இத்தகைய ஆய்வுகள் பல ஆண்டுகளாகவே காட்டி வருகின்றன. இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் இயந்திரத்தை நாடி வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணமாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஒரு விந்தை நடக்கிறது. ஒரு வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 'இனிப்பு நீர்' என்று டாக்டர் சொன்னதும், முதலில் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவது எது தெரியுமா? பழம்! "அப்பாவுக்குப் பழம் கொடுக்காதே, சீனி ஏறிடும்" என்று பிள்ளைகள் கண்டிப்பாக இருக்கிறார்கள். அதே அப்பா காலையில் மாமாக் கடையில் தே தாரேக் குடிக்கிறார். மாலையில் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுகிறார். இரவில் தட்டு நிறையச் சோறு. இவற்றை யாரும் தடுப்பதில்லை. குற்றவாளியை வெளியே விட்டுவிட்டுச் சாட்சியைப் பிடித்து உள்ளே போட்ட கதைதான் இது.

பழத்தில் சீனி இல்லையா?

இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. 100 கிராம் கொய்யாப் பழத்தில் ஏறக்குறைய 9 கிராம் சீனி உண்டு. அதே அளவு பப்பாளியில் ஏறக்குறைய 8 கிராம். ஆனால், அந்தச் சீனி எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. பழத்தின் சதை கோடிக்கணக்கான நுண்ணறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்கும் நார்ச்சத்தாலான சுவர் உண்டு. சீனி அந்தச் சுவர்களுக்குள் நீரோடு அடைபட்டுக் கிடக்கிறது. நாம் மென்று விழுங்கும்போது சில சுவர்கள் உடைகின்றன, பல உடைவதில்லை. மீதியைக் குடல்தான் மெல்ல மெல்லப் பிரிக்க வேண்டும். நார்ச்சத்தின் ஒரு பகுதி குடலில் கூழ்போல் ஆகி, சீனி இரத்தத்தில் கலக்கும் வேகத்தைக் குறைக்கிறது. கணையமும் பதறாமல் இன்சுலினைச் சுரக்கிறது. வயிறும் நிறைகிறது. ஒரு முழு கொய்யாவைக் கடித்துத் தின்றவருக்கு உடனே இன்னொன்றைத் தின்னத் தோன்றாது.

அதே பழத்தை இயந்திரத்தில் போட்டுச் சாறு பிழிந்தால் என்ன ஆகிறது? சுவர்கள் எல்லாம் நொறுங்கிவிடுகின்றன. சக்கை வடிகட்டியில் தங்கி, குப்பைத் தொட்டிக்குப் போகிறது. கிளாஸில் இருப்பது சீனியும் தண்ணீரும் கொஞ்சம் வைட்டமினும். 250 மில்லிலிட்டர் ஆரஞ்சுச் சாற்றுக்கு மூன்று, நான்கு பழங்கள் வேண்டும். அதில் ஏறக்குறைய 21 கிராம் சீனி இருக்கும். நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது. நான்கு ஆரஞ்சுகளை ஒரே மூச்சில் உரித்துத் தின்பவர் யார்? ஆனால், நான்கு ஆரஞ்சுகளின் சாற்றை இரண்டு நிமிடத்தில் குடித்துவிட்டு, "இன்னைக்கு ஆரோக்கியமா ஜூஸ் குடிச்சேன்" என்று திருப்தியோடு எழுந்து விடுகிறோம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட சீனி பற்றிய வழிகாட்டியில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. தேநீரில் போடும் சீனி, தேன், பழச்சாற்றில் உள்ள சீனி ஆகியவற்றை அது ஒரே வகையில் சேர்க்கிறது. முழுப் பழத்தில் உள்ள சீனியை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்த வகைச் சீனி நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது அதன் அறிவுரை. ஒரு கிளாஸ் ஆரஞ்சுச் சாறு அந்த 25 கிராமில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. டின் பால் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றிய தே தாரேக்கும் ஏறக்குறைய அதே அளவைத் தொட்டுவிடும். கடையில் பழச்சாற்றுக்குச் சீனிப்பாகும் டின் பாலும் சேர்த்தால் கணக்கு எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவை வெறும் ஊகமல்ல. 2013இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவில் தாதியர்களும் பிற சுகாதாரத் துறையினருமாக 187,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்யப்பட்டது அது. முழுப் பழங்களை, குறிப்பாக புளூபெரி, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றை, அடிக்கடி உண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் குறைவாக இருந்தது. பழச்சாற்றை அதிகம் குடித்தவர்களுக்கு அந்த வாய்ப்புக் கூடியிருந்தது. அடுத்து 2017இல் சீனாவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை ஏழு ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு வந்தது. நாள்தோறும் பழம் உண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 12 விழுக்காடு குறைவு. அதைவிட முக்கியமான செய்தி, ஏற்கெனவே நீரிழிவு இருந்தவர்களைப் பற்றியது. அவர்களிலும் வாரத்தில் மூன்று நாள்களுக்கு மேல் பழம் உண்டவர்களிடையே மரணமும், கண், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைத் தாக்கும் பின்விளைவுகளும் குறைவாகவே காணப்பட்டன. பழம் உண்பவர்கள் மற்ற வகையிலும் கட்டுப்பாடாக வாழ்பவர்களாக இருக்கலாம் என்பதால், எல்லாப் பெருமையையும் பழத்துக்கே கொடுத்துவிட முடியாது. ஆயினும், "நீரிழிவுக்காரர் பழத்தையே தொடக் கூடாது" என்ற பேச்சுக்கு இவற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

எவ்வளவு சாப்பிடலாம்? இங்கேதான் கை அடங்க வேண்டும். நம் நாட்டு உணவு வழிகாட்டி நாளொன்றுக்கு இரண்டு பங்கு பழமும் மூன்று பங்கு காய்கறியும் உண்ணச் சொல்கிறது. ஒரு பங்கு என்றால் பாதி கொய்யா, அல்லது ஒரு துண்டு பப்பாளி, அல்லது ஐந்து ரம்புத்தான். டுரியான் என்றால் நடுத்தரச் சுளை இரண்டு. 'இரண்டே சுளையா?' என்று முகம் சுளிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 100 கிராம் டுரியானில் ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பருவ காலத்தில் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு முழுப் பழத்தைத் தீர்த்துவிட்டு, மறுநாள் கிளினிக்கில் பழத்தைக் குறை சொல்வது நியாயமல்ல. நீரிழிவு உள்ளவர்கள் இரண்டு பங்கையும் ஒரே வேளையில் முடிக்காமல், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது.

வெட்டி விற்கும் பழங்களோடு ஒரு சிறு பொட்டலம் தருகிறார்களே, அந்த ஆசாம் பொய் தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் இருப்பது பெரும்பாலும் உப்பும் சீனியும். பழத்தைத் தின்று பொட்டலத்தைக் கடையிலேயே விட்டுவருவது உத்தமம்.

கொல்லையில் இருந்த கடை

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழம் என்பது காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்ததில்லை. லயத்து வீட்டின் பின்புறம் இரண்டு வாழை, ஒரு பப்பாளி, ஒரு கொய்யா, வேலியோரம் முருங்கை என்று எதுவாவது இருந்தே தீரும். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் மரத்திலேயே ஏறிப் பசியாறியதும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது, இந்தக் கொல்லையும் போயிற்று. அடுக்குமாடி வீட்டின் பத்தாவது மாடியில் பப்பாளி எங்கே நடுவது? அதுவரை இலவசமாக வந்தது, இப்போது வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. வாங்க வேண்டியது என்றானதும், பட்டியலில் அரிசி, எண்ணெய், பால் மாவு எல்லாம் முன்னே போய், பழம் கடைசியில் நின்றுவிட்டது. விருந்தாளி வந்தால் அல்லது யாராவது மருத்துவமனையில் படுத்தால் மட்டும் நினைவுக்கு வரும் பொருளாகிப் போனது.

அந்த வேளையிலும் நாம் வாங்குவது என்ன? பளபளவென்று மெழுகு பூசிய ஆப்பிள். அது கடல் கடந்து வருவது. ஆப்பிளை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், வைட்டமின் சி கணக்கைப் பாருங்கள். 100 கிராம் ஆப்பிளில் ஏறக்குறைய 5 மில்லிகிராம்தான். ஆரஞ்சில் 53. கொய்யாவில் 228! நம் கொல்லையில் காய்த்துக் கீழே விழுந்து கிடந்த பழம், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழத்தை எத்தனை மடங்கு விஞ்சுகிறது! விலையிலும் கொய்யா, பப்பாளி, வாழை போன்ற உள்ளூர்ப் பழங்கள் கையைக் கடிப்பதில்லை.

தோட்டக் காலத்தைப் பேசும்போது அரிசியின் கதையையும் சொல்லியாக வேண்டும். பழச்சாற்றின் கதையும் அரிசியின் கதையும் உண்மையில் ஒன்றுதான்.

நூறாண்டுகளுக்கு முன் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய்களில் பெரிபெரியும் ஒன்று. கால் மரத்துப் போகும், உடல் வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஆனால், அதே நாட்டில் உழைத்த தமிழர்களை இந்நோய் அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். இரு சாராரும் உண்டது அரிசிச் சோறுதான். ஆனால், சீனர்கள் உண்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சயாம் அரிசி. தமிழர்கள் உண்டதோ புழுங்கல் அரிசி. நோயின் முடிச்சு அரிசியில்தான் இருக்கிறது என்றார் அவர்.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905ஆம் ஆண்டு இறுதியில் இதைச் சோதிக்கத் தொடங்கினார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். தீட்டிய அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி கண்டது, 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. (மனநோயாளிகளைக் கேளாமலேயே இப்படிப் பிரித்துச் சோதிப்பதை இன்றைய மருத்துவ உலகம் அனுமதிக்காது.) 1900இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் சில ஆண்டுகளில் இதை மேலும் உறுதிப்படுத்தினர். நெகிரி செம்பிலானில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர்களை இரு குழுக்களாகப் பிரித்து அவர்கள் சோதித்தபோது, வெள்ளை அரிசி போன இடமெல்லாம் நோயும் போயிற்று. தீட்டும்போது நீக்கப்படும் தவிட்டில்தான் காக்கும் பொருள் இருக்கிறது என்பதும் தெரிந்தது. பின்னர் 1926இல் ஜாவாவில் டச்சு விஞ்ஞானிகள் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். இன்று அதைத்தான் வைட்டமின் பி1 என்கிறோம்.

நெல்லை ஊற வைத்து, உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. நம் முன்னோர் இதையெல்லாம் ஆராய்ந்து புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள் என்று பெருமை அடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஊர்ப் பழக்கம் கப்பலேறி வந்தது, அவ்வளவுதான். தோட்டத் தமிழர்களை மலேரியாவும் இரத்தசோகையும் வாரிக்கொண்டு போனதும் அதே காலத்தில்தான். ஆனால், சமையலறையில் ஒரு சிறு பழக்கம் உயிரைக் காக்கும், இன்னொரு சிறு பழக்கம் உயிரைக் குடிக்கும் என்பதற்கு இந்த மண்ணிலேயே கிடைத்த சான்று இது. அன்று வெள்ளையாக வேண்டும் என்று தவிட்டை எறிந்தார்கள். இன்று மென்மையாக வேண்டும் என்று பழத்தின் சக்கையை எறிகிறோம்.

இன்று நம் தட்டில் பெரிபெரி இல்லை, நீரிழிவு இருக்கிறது. புழுங்கல் அரிசி பொதுவாகப் பச்சரிசியைவிட மெதுவாகச் சீனியை ஏற்றும். அதற்காகப் புழுங்கல் அரிசி என்று சொல்லி மலைபோல் குவித்துச் சாப்பிட்டால் பயனில்லை. சுகாதார அமைச்சு சில ஆண்டுகளாகச் சொல்லிவரும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை எளிதானது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் வீடுகளில் இந்தத் தட்டு தலைகீழாக இருக்கிறது. பாதிக்கு மேல் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி முட்டைக்கோசு. அதையும் சில பிள்ளைகள் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

அடுப்படியில் கவனிக்க வேண்டியவை

வீட்டுச் சாப்பாடு என்றாலே ஆரோக்கியம் என்று நினைத்துவிடக் கூடாது. அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் மீன் பொரிக்கவும், அதற்கு மறுநாள் தாளிக்கவும் பயன்படுத்தினால், கடைச் சாப்பாட்டுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? ஒரு நாளைக்கு ஒருவருக்குத் தேவையான உப்பு ஒரு தேக்கரண்டிக்குள்தான். கருவாடு, பெலாச்சான், கீச்சாப் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும். கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் தனியாக உப்புப் போடத் தேவையே இருக்காது. தேங்காய்ப்பாலும் தினமும் வேண்டியதில்லை.

வீட்டில் சமைப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை, கரண்டி நம் கையில் இருக்கிறது என்பதுதான். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சீனி, எவ்வளவு உப்பு என்று முடிவு செய்வது நாம். கடையில் அது சமையல்காரர் கையில்.

கீரையையும் காயையும் கழுவிய பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால், நீரில் கரையும் பி, சி வைட்டமின்கள் சாக்கடைக்குப் போய்விடும். நிறையத் தண்ணீரில் வேக வைத்து வடித்துக் கொட்டுவதும் அப்படித்தான். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். வெந்த நீர் மிஞ்சினால் இரசத்தில் சேர்க்கலாம்.

2019ஆம் ஆண்டு ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்கு இரத்தசோகை. கீரையிலும் பருப்பிலும் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால், தாவர உணவில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் சி உடன் சென்றால் ஏற்கும். ஆகவே, கீரைப் பொரியலில் அடுப்பை விட்டு இறக்கியபின் எலுமிச்சை பிழிவதும், சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ பப்பாளியோ தின்பதும் வெறும் ருசிக்காக அல்ல. இதற்கு நேர் எதிரி தேநீர். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டாலே பல பெண்களுக்கு நன்மை உண்டு.

"சாப்பிட்டவுடன் பழம் தின்றால் வயிற்றில் அழுகிவிடும், வெறும் வயிற்றில்தான் தின்ன வேண்டும்" என்று கைப்பேசியில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றி வரும். வயிற்றில் சுரக்கும் அமிலத்தில் பழம் அழுகி நிற்பதில்லை, மற்ற உணவைப் போலவே செரிக்கிறது. எந்த நேரத்தில் கிடைக்கிறதோ அந்த நேரத்தில் தின்னலாம். இதைவிட ஆபத்தான இன்னொரு செய்தியும் வருகிறது. பாகற்காய்ச் சாறு குடித்தால் நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்பது அது. பாகற்காய் நல்ல காய்தான். கறியாகச் சமைத்துச் சாப்பிடலாம். மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பழம் எல்லார்க்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதும் பிழை. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்குக் கணக்கே வேறு. பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழம் இங்கே எல்லாச் சந்தையிலும் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு அளவோடு அது நல்ல பழமாக இருக்கலாம். சிறுநீரக நோயாளிகளுக்கோ அது நஞ்சு. அதில் உள்ள ஒரு நச்சுப் பொருளைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அது முடியாதபோது, நஞ்சு மூளைக்கு ஏறுகிறது. முதலில் நிற்காத விக்கல் வரும். பிறகு மனக்குழப்பம், வலிப்பு. உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த நச்சுப் பொருள் இன்னதென்று 2013இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 'காரம்பாக்சின்' என்று பெயரிட்டார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கும் வீட்டில், ஒரு துண்டுகூட, ஒரு மடக்குச் சாறுகூட ஆகாது.

வாழைப்பழம், டுரியான், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் நன்றாக இருந்தால் பொட்டாசியம் இரத்த அழுத்தத்துக்கு நல்லது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது இரத்தத்தில் தங்கி, இருதயத் துடிப்பையே தடுமாற வைத்துவிடும். மேலே காய் வெந்த நீரைக் கொட்டாதீர்கள் என்று சொல்லப்பட்டதல்லவா? சிறுநீரக நோயாளிகள் பலருக்கு அதற்கு நேர்மாறாக, காயை நறுக்கி நிறைய நீரில் வேக வைத்து, நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்வார்கள். ஒரே வீட்டில் இருவருக்கு இரண்டு விதச் சமையல். சிரமம்தான். ஆனால், எந்தப் பழம் எவ்வளவு என்பதை மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், எல்லாவற்றையும் விலக்கி வாழ வேண்டிய நிலை வராது.

கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளை உண்பவர்கள் கிரேப்ஃபுரூட் எனும் பழத்தைத் தவிர்க்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கும். அந்தப் பழம் மருந்தைக் குடலில் உடைக்கும் நொதியை முடக்கி, இரத்தத்தில் மருந்தின் அளவை உயர்த்திவிடுகிறது. நம் பம்ப்ளிமாஸ் அதன் நெருங்கிய உறவு. அத்தகைய மாத்திரை எடுப்பவர்கள் பம்ப்ளிமாஸ் வாங்கும் முன் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நேரமில்லை என்பவர்களுக்கு

வேலைக்குப் போய்க் களைத்து வரும் தாய்மார்களிடம் "பழம் நறுக்கிக் கொடுங்கள், கீரை ஆய்ந்து சமையுங்கள்" என்று அடுக்கிக்கொண்டே போவது எளிது. செய்வது யார்? வீட்டில் இன்னும் இரண்டு கைகள் இருக்கின்றன. கீரை ஆய்வதும் பப்பாளி நறுக்குவதும் அப்பாவும் செய்யக்கூடிய வேலைகள்தான். தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டே ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்துவிடலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு வாழைப்பழத்தை உரித்துத் தின்னக் கத்தியும் தேவையில்லை.

இரவில் பப்பாளியை நறுக்கி, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், காலைப் பசியாறலுக்கும் பள்ளிக்குக் கொடுத்தனுப்பவும் ஆயிற்று. நறுக்கிய பழத்தை வெளியே வெப்பத்தில் நெடுநேரம் வைக்கக் கூடாது. வாழையைப் பச்சையும் பழமும் கலந்த சீப்பாகப் பார்த்து வாங்கினால் வாரம் முழுவதும் ஒவ்வொன்றாகப் பழுக்கும். கொய்யாவைத் தோலோடு தின்னலாம், தோலில்தான் நார்ச்சத்தும் அதிகம்.

தர்பூசணி, முலாம்பழம் போன்றவற்றின் தோலை எறிந்துவிடப் போகிறோம், அதை எதற்குக் கழுவுவது என்று பலர் நினைக்கிறார்கள். கத்தி முதலில் இறங்குவது அந்தத் தோலில்தான். தோலில் இருக்கும் மண்ணையும் கிருமியையும் அதுவே சதைக்குள் இழுத்துச் செல்கிறது. 2018இல் ஆஸ்திரேலியாவில் முலாம்பழத்தின் மேற்பரப்பில் இருந்த லிஸ்டீரியா கிருமியால் ஏழு பேர் உயிரிழந்தனர். ஆகவே, எந்தப் பழமானாலும் ஓடும் குழாய் நீரில், சொரசொரப்பான தோலாக இருந்தால் தேய்த்து, நறுக்குவதற்கு முன் கழுவிவிட வேண்டும். சோப்பு வேண்டியதில்லை.